மாந்தோப்பைப் பங்கு பிரிக்கப் போகிறீர்களா? ஏக்கரை மட்டும் அளக்காதீர்கள்

சொத்துத் தகராறு இல்லாத தொலைக்காட்சித் தொடர் அரிது. தோப்பும் தோட்டவீடும் உள்ள குடும்பம், திடீரென்று இறந்துபோகும் அப்பா, பீரோவில் கிடைக்கும் உயில், ஏமாற்றிக் கையெழுத்து வாங்கும் அண்ணன் என்று கதை ஆண்டுக்கணக்கில் ஓடும். அத்தனை நாளும் பின்னணியில் தோப்பு மட்டும் பச்சைப்பசேல் என்று நிற்கும்.

நிஜத்தில் அப்படி நிற்காது. வழக்கு நடக்கும் தோப்புக்கு யாரும் எரு வைப்பதில்லை. கவாத்து செய்வதில்லை. பூக்கும் நேரத்தில் தத்துப்பூச்சிக்கு மருந்து அடிக்கவும் ஆள் இருக்காது. தீர்ப்பு வரும்போது நிலம் அப்படியே இருக்கும், மரங்கள் பாதி போயிருக்கும்.

நெல் வயலைப் பிரிப்பது போலப் பழத்தோட்டத்தைப் பிரிக்க முடியாது. வயலில் ஒரு போகம் விட்டாலும் அடுத்த போகம் எடுத்துக்கொள்ளலாம். தோப்பின் மதிப்பு மண்ணில் பாதி, 10, 20 ஆண்டு வளர்ந்த மரத்தில் பாதி. எனவே சம ஏக்கர் என்பது சம பங்கு ஆகாது. இதைப் புரிந்துகொண்டு பிரித்தால் பெரும்பாலான சண்டையைத் தவிர்க்கலாம். கிருஷ்ணகிரி, தருமபுரி, திண்டுக்கல், தேனி என்று மா விளையும் பகுதிகளில் இருப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறோம். தென்னை, கொய்யா, சப்போட்டா தோட்டம் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

யாருக்கு எவ்வளவு? முதலில் சட்டம்

பேச்சைத் தொடங்கும் முன் உங்கள் தோப்பு எந்த வகைச் சொத்து என்று பாருங்கள். கீழே சொல்வது இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956 பொருந்தும் குடும்பங்களுக்கானது. கிறிஸ்தவ, இஸ்லாமியக் குடும்பங்களுக்கு வேறு சட்டங்கள் உண்டு. பங்குக் கணக்கும் அங்கே மாறும்.

அப்பா தன் பணத்தில் வாங்கிய சுய சம்பாத்தியச் சொத்து என்றால், அவர் யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம். உயில் எழுதாமல் இறந்தால் மனைவி, மகன்கள், மகள்கள், உயிருடன் இருந்தால் அவருடைய தாயார், எல்லோருக்கும் சம பங்கு. முன்பே இறந்துபோன மகன் அல்லது மகள் இருந்தால், அவர்களுடைய பங்கு அவர்களின் பிள்ளைகளுக்குப் போகும். இறந்த மகனின் மனைவிக்கும் அதில் பங்கு உண்டு.

பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்து என்றால் கணக்கு வேறு. மகனும் மகளும் பிறப்பாலேயே அதில் பங்காளிகள். தமிழ்நாட்டில் 25.3.1989 முதலே, அந்தத் தேதிக்கு முன் திருமணம் ஆகாத மகள்களுக்கு இந்த உரிமை வந்துவிட்டது. மத்திய அரசின் 2005-ஆம் ஆண்டுத் திருத்தம் 9.9.2005 முதல் எல்லா மகள்களுக்கும் இதைக் கொடுத்தது. அந்தத் தேதியில் தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை என்று 2020 ஆகஸ்ட் மாதம் உச்ச நீதிமன்றம் வினீதா சர்மா வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. 20.12.2004-க்கு முன்பே பதிவு செய்த பத்திரம் மூலமோ நீதிமன்றம் மூலமோ முடிந்துபோன பாகப்பிரிவினையை மட்டும் இந்தத் திருத்தம் கலைக்காது.

இரண்டு வகைக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு கணக்குப் பார்ப்போம். 6 ஏக்கர் தோப்பு, அதாவது 600 சென்ட். அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அம்மா, அண்ணன், தம்பி, தங்கை என நான்கு பேர்.

சுய சம்பாத்தியம் என்றால் ஆளுக்கு நாலில் ஒன்று, 150 சென்ட்.

பூர்வீகம் என்றால் முதலில் அப்பா, அண்ணன், தம்பி, தங்கை என்று நான்கு பங்காகப் பிரிக்க வேண்டும். பிறகு அப்பாவின் கால் பங்கை அம்மா உட்பட நால்வருக்கும் சமமாகப் பிரிக்க வேண்டும். அம்மாவுக்கு 37.5 சென்ட், பிள்ளைகளுக்குத் தலா 187.5 சென்ட் வரும். இதில் அம்மாவின் பங்கு எவ்வளவு குறைகிறது என்று கவனியுங்கள். அவருடைய பிற்கால வாழ்வுக்கு என்ன ஏற்பாடு என்பதையும் அதே பேச்சில் முடிக்க வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. தாத்தாவிடமிருந்து வந்தது என்பதாலேயே ஒரு சொத்து சட்டப்படி பூர்வீகம் ஆகிவிடாது. 1956-க்குப் பிறகு தாத்தா இறந்து, அவருடைய தனிச்சொத்து வாரிசு முறையில் அப்பாவுக்கு வந்திருந்தால், அது அப்பாவின் தனிச்சொத்தாகக் கருதப்படும். உயில் மூலமோ செட்டில்மெண்ட் மூலமோ வந்திருந்தாலும் கணக்கு மாறும். தாய்ப்பத்திரத்திலிருந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய் சிவில் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டி, எந்த வகை என்று எழுதி வாங்குங்கள். அதற்கு ஆகும் கட்டணம் வீண் செலவு அல்ல.

பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கே தோப்பு சொந்தம் என்பதும் தவறான எண்ணம். பட்டா வருவாய்த்துறைப் பதிவு. அண்ணன் பெயருக்குப் பட்டா மாறியிருப்பதால் மட்டும் தங்கையின் பங்கு போய்விடாது.

உழைத்தவருக்கு என்ன?

பழத்தோட்டச் சண்டைகளில் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன. ஒருவர் ஊரிலேயே இருந்து தண்ணீர் பாய்ச்சி மரம் வளர்த்திருப்பார். மற்றவர் ஓசூரிலோ சென்னையிலோ வேலையில் இருப்பார். தங்கை திருமணமாகிப் போயிருப்பார். “பதினைந்து வருஷம் நான் மண்ணோட கிடந்தேன், இப்போ எல்லாருக்கும் சமமா?” என்று ஊரில் இருப்பவர் கேட்பார். “பதினைந்து வருஷ மகசூலையும் நீதானே எடுத்தே?” என்று வெளியூரில் இருப்பவர் கேட்பார். இரண்டு கேள்வியிலும் நியாயம் இருக்கிறது.

உழைப்புக்காகப் பங்கின் அளவைச் சட்டம் கூட்டுவதில்லை. கூட்டுச் சொத்தில் ஒருவர் செய்த மேம்பாடு இருந்தால், இயன்றவரை அந்தப் பகுதியை அவருக்கே ஒதுக்குவதை நீதிமன்றங்கள் பரிசீலிப்பதுண்டு. அவ்வளவுதான். மற்றதைக் குடும்பமே பேசித் தீர்க்க வேண்டும். அதற்கு வாய்ப்பேச்சு போதாது, ஒரு தாளில் இரண்டு பத்தி போட்டு எழுதுங்கள்.

ஒரு பக்கம்: அவர் கைக்காசு போட்டு நட்ட கன்றுகள், போட்ட ஆழ்துளைக் கிணறு, சொட்டுநீர்க் குழாய், கம்பிவேலி, கட்டிய கடன்.

மறுபக்கம்: அவர் தனியாக எடுத்த மகசூல் அல்லது குத்தகைப் பணம், அப்பாவின் மருத்துவச் செலவு, தங்கையின் திருமணம் என்று குடும்பத்துக்காகச் செலவழித்தது.

இரண்டையும் எழுதிப் பார்த்தால் கோபத்தில் சொன்ன தொகைக்கும் உண்மையான தொகைக்கும் உள்ள தூரம் தெரியும். மீதம் வருவதை, பிரிப்பதற்கு முன்பே அவருக்கு எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தைப் பங்கு போடுங்கள். திருமணத்தில் நகை போட்டோம் என்பதற்காகத் தங்கையின் பங்கு சட்டப்படி ரத்தாகாது என்பதையும் நினைவில் வையுங்கள். தங்கை மனமுவந்து விட்டுக்கொடுப்பதாக இருந்தால், அதற்கு விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். வெற்றுத்தாளில் வாங்கும் கையெழுத்து நாளைக்கு உங்கள் பிள்ளைகளுக்கு வழக்காக வரும்.

மரத்துக்கும் விலை போடுங்கள்

அதே 6 ஏக்கர் உதாரணத்துக்கு வருவோம். சுய சம்பாத்தியம், நான்கு சம பங்கு என்று வைத்துக்கொள்வோம். 10 மீட்டருக்கு 10 மீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு 40 மரம். சாலையோரம் உள்ள 3 ஏக்கரில் அப்பா நட்ட, 25 வயதான பெங்களூரா மரங்கள் 120. பின்பக்கம் உள்ள 3 ஏக்கரில் 5 ஆண்டுக்கு முன் நட்ட ஒட்டுக்கன்றுகள் 120, இப்போதுதான் காய்க்கத் தொடங்குகின்றன.

கணக்குக்காக ஒரு விலை வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர் விலையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். சாலையோர நிலம் சென்ட் 10,000 ரூபாய், பின்பக்கம் 7,000 ரூபாய். பெரிய மரம் 10,000 ரூபாய், இளம் மரம் 5,000 ரூபாய். ஏக்கருக்கு 40 மரம் என்றால் 100 சென்டுக்கு 40 மரம். எனவே மரத்தோடு சேர்த்துச் சாலையோரம் ஒரு சென்ட் 14,000 ரூபாய், பின்பக்கம் 9,000 ரூபாய். மொத்தத் தோப்பின் மதிப்பு 69 லட்சம். ஒரு பங்கு 17.25 லட்சம்.

ஆளுக்கு 150 சென்ட் என்று அளந்து கொடுத்தால், சாலையோரம் எடுப்பவருக்கு 21 லட்சம் வரும். பின்பக்கம் எடுப்பவருக்கு 13.5 லட்சம்தான் வரும். ஒரே அளவு நிலத்தில் 7.5 லட்சம் ரூபாய் வித்தியாசம். “சமமாத்தானே பிரிச்சோம்” என்று சொல்லியும் சண்டை ஓயாமல் இருப்பதற்கு இதுதான் காரணம்.

இதைச் சரிசெய்ய இரண்டு வழி உண்டு. சாலையோரம் எடுக்கும் இருவரும் தலா 123 சென்ட் எடுத்துக்கொண்டு, முன்பகுதியில் மீதமுள்ள 54 சென்டை மற்ற இருவருக்கும் 27 சென்டாகக் கொடுக்கலாம். அப்போது சாலையோரக்காரருக்கு 17.22 லட்சம், பின்பக்கத்தாருக்கு 177 சென்ட் சேர்ந்து 17.28 லட்சம். ஏறக்குறைய சமம். அல்லது நிலத்தை 150 சென்டாகவே விட்டுவிட்டு, முன்பக்கத்தார் ஒவ்வொருவரும் பின்பக்கத்தார் ஒருவருக்கு 3.75 லட்சம் ரூபாய் கொடுக்கலாம். ஒரே தவணையில் முடியாவிட்டால் மூன்று அறுவடையில் கொடுப்பதாகப் பத்திரத்திலேயே எழுதலாம்.

அந்த 120 ஒட்டுக்கன்றுகளைத் தம்பி தன் பணத்தில் நட்டு வளர்த்திருந்தால், அவற்றின் மதிப்பான 6 லட்சத்தை அப்படியே நாலாகப் பிரிக்காதீர்கள். அவருடைய செலவை முதலில் கழித்துவிட்டு மீதத்தைப் பிரியுங்கள். முடிந்தால் அந்தப் பகுதியையே அவருக்கு ஒதுக்குங்கள்.

மரத்தின் விலையை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரே ஒரு ஆண்டின் மகசூலைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மா ஓர் ஆண்டு நிறையக் காய்த்து மறு ஆண்டு ஓயும் குணம் உள்ளது. கடைசி நான்கைந்து ஆண்டுகளின் மகசூலையோ குத்தகைத் தொகையையோ கூட்டிச் சராசரி எடுங்கள். ரகம், மரத்தின் வயது, தண்டுத் துளைப்பான் தாக்கிய மரங்கள், காய்ந்த இடைவெளிகள் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலரிடம் மரங்களின் நிலை பற்றிக் கருத்துக் கேட்கலாம். விலைக்கு, குடும்பத்துக்குச் சம்பந்தமில்லாத இரண்டு தோப்பு வியாபாரிகளிடம் தனித்தனியாகக் கேட்டு ஒப்பிடுங்கள்.

கிணறு, பாதை, மின்சாரம்

நிலத்தைச் சரியாகப் பிரித்துவிட்டு இந்த மூன்றையும் எழுதாமல் விட்டால், பத்திரம் முடிந்த பிறகுதான் உண்மையான சண்டை தொடங்கும்.

கிணறு: யாருடைய பங்கில் விழுந்தாலும், மற்றவர்களுக்கு அதில் எத்தனை பங்கு பாத்தியம், யாருக்கு எந்தெந்த நாளில் தண்ணீர் முறை, மோட்டார் பழுதானால் யார் எவ்வளவு தர வேண்டும், தூர் வாரும் செலவு என்ன விகிதம் என்று எழுதுங்கள். பைப்லைன் யார் நிலம் வழியாகப் போகிறது என்பதையும் சேருங்கள்.

பாதை: பின்பக்கப் பங்குக்கு வண்டிப்பாதை பாத்தியம் கட்டாயம் வேண்டும். மாங்காய் ஏற்றும் லாரி வந்து திரும்பும் அகலம் இருக்க வேண்டும். அகலத்தை அடிக்கணக்கில் எழுதி, வரைபடத்தில் குறித்துக் காட்டுங்கள். “வழக்கம்போல் போக வர” என்று மட்டும் எழுதினால் அடுத்த தலைமுறையில் வேலி விழும்.

மின் இணைப்பு: விவசாய இணைப்பு பெரும்பாலும் அப்பா பெயரில் இருக்கும். யார் பெயருக்கு மாற்றுவது, மற்றவர்கள் அந்த மோட்டாரைப் பயன்படுத்தும் உரிமை என்ன என்று முடிவு செய்து, மின்வாரியத்தில் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள்.

எல்லைக்கோடு போடும்போது சர்வேயருடன் நீங்களும் தோப்பில் நில்லுங்கள். கோடு மர வரிசையின் மேல் போனால், அந்த மரம் யாருக்கு, காய் யாருக்கு, கிளையை யார் வெட்டுவது என்று ஆண்டுதோறும் வம்பு வரும். இரண்டு வரிசைக்கு நடுவில் கோடு போகும்படி நகர்த்துங்கள். நாலைந்து சென்ட் கூடக்குறைய வந்தால் பணமாகச் சரிசெய்து கொள்ளலாம். வரப்போர மரங்களை எண்ணி, யாருக்கு எத்தனை என்று எழுதிவிடுங்கள்.

பிரிக்காமல் நடத்த முடியுமா?

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. இதற்கு மேலும் துண்டாக்கினால் மருந்தடிக்கும் ஆளுக்கும் லாரிக்கும் ஆகும் செலவு கட்டுபடி ஆகாது. எனவே துண்டு போடும் முன் இவற்றையும் யோசியுங்கள்.

ஒருவர் வாங்கிக்கொள்வது: தோப்பை நடத்த விருப்பமுள்ளவர் மற்றவர்களின் பங்குக்குப் பணம் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். உயிலின்றி வந்த சொத்தில், ஒரு வாரிசு தன் பங்கை வெளியாளுக்கு விற்க நினைத்தால், மற்ற முதல்நிலை வாரிசுகளுக்கு அதை வாங்க முன்னுரிமை உண்டு. இந்து வாரிசுரிமைச் சட்டம் 22-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. விவசாய நிலத்துக்கும் இது பொருந்தும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. விலையில் ஒத்துப்போகாவிட்டால் நீதிமன்றம் விலையைத் தீர்மானிக்கும்.

கூட்டாக நடத்துவது: நிலம் பொதுவில் இருக்கட்டும், நிர்வாகம் ஒருவரிடம் இருக்கட்டும். அவருக்கு மாதச் சம்பளம் ஒன்று பேசுங்கள். வரவு செலவுக்குத் தனி வங்கிக் கணக்கு தொடங்குங்கள். சம்பளமும் செலவும் போக மீதத்தைப் பங்குப்படி பிரியுங்கள். சம்பளம் பேசாமல் தொடங்கும் கூட்டு நிர்வாகம் நிலைப்பதில்லை.

முறை வைத்து அனுபவிப்பது: ஓர் ஆண்டு அண்ணன், ஓர் ஆண்டு தம்பி என்று மகசூல் எடுக்கும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. மாவுக்கு இது ஆகாது. காய்க்கும் ஆண்டு ஒருவருக்கும் ஓயும் ஆண்டு மற்றவருக்குமே தொடர்ந்து வரக்கூடும். தன் முறை முடிந்ததும் உரம் போட யாருக்கும் மனம் வராது. முறைதான் வேண்டும் என்றால் இரண்டிரண்டு ஆண்டாக வைத்து, அறுவடைக்குப் பிந்தைய உரச் செலவைப் பொதுவில் எடுத்து வையுங்கள்.

தகராறு நடக்கும்போது தோப்பைக் காப்பது

பேச்சு முடியவில்லை, வழக்கு வந்துவிட்டது என்றாலும் தோப்பைக் கைவிடாதீர்கள். உரிமை பற்றிய வாதத்தை விட்டுக்கொடுக்காமலேயே, பராமரிப்புக்கு மட்டும் ஒரு தற்காலிக ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம். வழக்கு நடந்தால் உங்கள் வழக்கறிஞர் மூலம் நீதிமன்றத்திலேயே இதற்கு இடைக்கால ஏற்பாடு கேட்கலாம். குறைந்தது இந்த வேலைகள் நடக்க வேண்டும்.

ஆகஸ்ட், செப்டம்பர்: காய்ந்த, நோயுற்ற, உள்நோக்கி வளரும் கிளைகளைக் கவாத்து செய்யுங்கள். தண்டுத் துளைப்பான் துளைகளைப் பாருங்கள்.

செப்டம்பர், அக்டோபர்: மழை ஈரத்தில் தொழுவுரமும் பரிந்துரைத்த உரமும் இடுங்கள்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை: பூங்கொத்தில் தத்துப்பூச்சி, சாம்பல் நோய் வருகிறதா என்று கவனியுங்கள். தோட்டக்கலை அலுவலர் சொல்லும் மருந்தை, சொல்லும் அளவில் மட்டும் அடியுங்கள்.

காய் பிடித்த பிறகு: பிஞ்சு உதிராமல் தண்ணீர் கொடுங்கள். பழ ஈக்குப் பொறி வையுங்கள்.

தகராறில் உள்ள தோப்பை மூன்று, நான்கு ஆண்டுக்கு மொத்தக் குத்தகைக்கு விடுவது வழக்கம். இதில் ஆபத்து உண்டு. தன் காலத்துக்குள் முடிந்தவரை காய் எடுக்க நினைக்கும் குத்தகைதாரர், பூக்க வைக்கும் பேக்லோபியூட்ரசால் மருந்தை (கல்டார் என்று கடைகளில் கேட்பது) அளவுக்கு மீறி வேரில் ஊற்றலாம். மரத்தின் வளர்ச்சி குன்றி, சில ஆண்டுகளில் நலிந்துவிடும். குத்தகை விடுவதாக இருந்தால் எல்லாப் பங்குதாரரும் கையெழுத்திடுங்கள். என்ன மருந்து, எந்த அளவு, உரம் யார் பொறுப்பு, மரம் பட்டுப்போனால் என்ன ஈடு என்று எழுதுங்கள். தொடக்கத்திலேயே மரங்களை எண்ணிப் புகைப்படம் எடுத்து வையுங்கள்.

பத்திரமும் பட்டாவும்

எல்லோரும் ஒத்துக்கொண்ட பிறகு கூர்ச்சீட்டோடு நிறுத்திவிடாதீர்கள். நிலத்தைப் பிரிக்கும் ஆவணமாகவே எழுதிய, பதிவு செய்யாத கூர்ச்சீட்டை வைத்து நீதிமன்றத்தில் உரிமையை நிலைநாட்டுவது கடினம். பாகப்பிரிவினைப் பத்திரமாக எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். குடும்ப உறுப்பினர்களுக்குள் செய்யும் பாகப்பிரிவினைக்கு முத்திரைத் தீர்வையில் சலுகை உண்டு, உச்சவரம்பும் உண்டு. தொகை அவ்வப்போது மாற்றப்படுவதால் பதிவுக்கு முன் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: இறப்புச் சான்று, வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்று, தாய்ப்பத்திரங்கள், வில்லங்கச் சான்று, பட்டா, சிட்டா, புலப்படம், கூட்டுறவு சங்கத்திலோ வங்கியிலோ கடன் இருந்தால் அதன் விவரம். கடனை யார் கட்டுவது என்பதையும் பத்திரத்தில் சேருங்கள். பங்குதாரரில் 18 வயது நிறையாதவர் இருந்தால், அவருடைய பங்கைத் தொடும் முன் வழக்கறிஞரைக் கேளுங்கள். நீதிமன்ற அனுமதி தேவைப்படலாம்.

பதிவு முடிந்ததும் உட்பிரிவு செய்து தனிப்பட்டா பெற விண்ணப்பியுங்கள். பயிர்க்கடன், சொட்டுநீர் மானியம், சிறு குறு விவசாயி சான்று என எதற்குப் போனாலும் உங்கள் பெயரில் பட்டா இருப்பது வேலையை எளிதாக்கும்.

எப்போது பிரிப்பது? மரத்தில் காய் இருக்கும்போது வேண்டாம், அந்தக் காய் யாருக்கு என்று தனிச் சண்டை வரும். அறுவடை முடிந்த பிறகு நல்லது. ஆடியில் பத்திரம் பதிய மனமில்லாவிட்டால், அந்த மாதத்தில் பேசி, மரம் எண்ணி, நிலம் அளந்து முடித்துவிடுங்கள். ஆவணியில் பதிவு செய்தால், கவாத்தும் உரமும் அவரவர் பொறுப்பில் தொடங்கிவிடும்.

பெற்றோர் இருக்கும்போதே பேசுங்கள்

இதைப் படிக்கும் நீங்களே தோப்பின் உரிமையாளர் என்றால், பிள்ளைகளிடம் விட்டுவிடாதீர்கள். உங்கள் சொத்துக்கும், கூட்டுச் சொத்தில் உங்கள் பங்குக்கும் உயில் எழுதலாம். இரண்டு சாட்சிகள் கட்டாயம். பதிவு கட்டாயம் இல்லை, ஆனால் பதிவது நல்லது. செட்டில்மெண்ட் எழுதுவதாக இருந்தால், உங்கள் ஆயுள் வரை அனுபவிக்கும் உரிமையை நிறுத்திக்கொண்டு எழுதுங்கள். பிள்ளைகள் உங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் பத்திரத்தில் வெளிப்படையாகச் சேருங்கள். அந்த நிபந்தனை இருந்து, அவர்கள் பராமரிக்கத் தவறினால், 2007-ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 23-ஆம் பிரிவின் கீழ்ப் பத்திரத்தை ரத்து செய்யக் கோரலாம். கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்க வேண்டும்.

பேச்சு முறிந்துவிட்டால் நேராக வழக்குக்குப் போகும் முன், உங்கள் தாலுகா சட்டப் பணிகள் குழுவை அணுகுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு. கட்டணமில்லாத் தொலைபேசி எண் 15100. மக்கள் நீதிமன்றத்தில் இருதரப்பும் ஒத்துக்கொண்டு முடிக்கும் தீர்வு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், அதன் மேல் மேல்முறையீடு கிடையாது. சிவில் வழக்கில் பெயர் தெரியாத அளவுக்குப் பழையதாகிவிடும் ஒரு பிரச்சினை அங்கே சில அமர்வுகளில் முடிய வாய்ப்புண்டு.

இந்த அறுவடை முடிந்ததும் ஒரு நாள் எல்லோரும் தோப்பில் கூடுங்கள். தங்கையையும் அழையுங்கள், அம்மாவை உட்கார வைத்துக்கொள்ளுங்கள். கையில் நோட்டுப் புத்தகத்தோடு ஒவ்வொரு வரிசையாக நடந்து மரங்களை எண்ணுங்கள். எத்தனை மரம், என்ன வயது, யார் நட்டது என்று எழுதுங்கள். அந்தப் பக்கத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்ட பிறகு, நிலத்தை அளக்க ஆளைக் கூப்பிடலாம்.